கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

டீசல் லாரியை நடுவழியில் நிறுத்திவிடுவது பல நேரங்களில் பெரிய கோளாறு அல்ல, குழாய்க்குள் நுழைந்த துளிக் காற்று. அது நுழைந்த இடத்தை முறையாகத் தேடாமல் ஊகத்தில் வேலை பார்ப்பதற்கான விலையை டிரைவரும் சிறு முதலாளியும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மும்பையிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலை கசாராவைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. சமவெளியில் சீராக ஓடிவந்த சரக்கு லாரி ஒன்று முதல் சில வளைவுகளிலேயே திணறுகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. என்ஜின் உறுமுகிறது, தணிகிறது, மறுபடி உறுமுகிறது. பிறகு இருமிவிட்டு நின்றேவிடுகிறது. கிளீனர் கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். டிரைவர் டார்ச் விளக்குடன் என்ஜினைச் சுற்றி வருகிறார். டேங்கில் டீசல் இருக்கிறது. எந்த இணைப்பிலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பில்டரை மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை.

கசாராவில் மட்டுமல்ல, நாட்டின் எந்த மலைப்பாதையிலும் எந்த இரவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இந்தி பேசும் மெக்கானிக் இதற்கு 'ஏர் லே லியா' என்பார். நாமக்கல், சங்ககிரி டிரைவர்கள் 'ஏர் எடுத்திருச்சு' என்பார்கள். மொழி எதுவானாலும் நோய் ஒன்றுதான்: டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் டீசல் குழாயில் எங்கோ ஓரிடத்தில் காற்று நுழைகிறது.

எங்கே என்பதில்தான் சிக்கல். அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஒழுகி அடையாளம் காட்டுவதுமில்லை. எனவே தேடுவதற்குப் பதில் ஊகிக்கிறார்கள். ஊகம் பெரும்பாலும் வண்டியின் விலையுயர்ந்த பாகத்தில் போய் முடிகிறது. ஒரு கிளாஸ் டீயின் விலைகூட இல்லாத செம்பு வாஷர் செய்த குற்றத்துக்கு, ஆயிரக்கணக்கில் செலவாகும் இன்ஜெக்‌ஷன் பம்ப் கழற்றப்படுகிறது.

மிளகளவு காற்று

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி உண்டு. டீசல் என்ஜினில் அது இல்லை. சிலிண்டரில் காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில், சரியான நொடியில் டீசலைப் பூந்தூறலாகப் பீய்ச்ச வேண்டும். அதற்கு மிகப் பெரிய அழுத்தம் தேவை. பழைய வகைப் பம்ப் உள்ள லாரிகளில் நாசில் திறப்பதற்கே ஏறக்குறைய 200 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் 200 மடங்கு வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் தொடர் உற்பத்தியாகத் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவில் அது 1951-ல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் கால் பதித்தது. சுருக்கமாக 'மைக்கோ'. 2008-ல் நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் சாலையோரப் பட்டறைகளில் அது இன்னும் 'மைக்கோ பம்ப்'தான்.

இந்தப் பம்புக்குள் விரல் பருமனான உலோகத் தண்டுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. தண்டுக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்; தலைமுடியின் பருமனைவிட அது பல மடங்கு குறைவு. 130 குதிரைத் திறன் உள்ள ஆறு சிலிண்டர் லாரி என்ஜின் முழுச் சுமையோடு ஓடும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் டீசல் சுமார் 70 கன மில்லிமீட்டர். ஒரு மிளகின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மிளகளவு டீசலின் இடத்தில் மிளகளவு காற்றுக் குமிழி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? டீசல் எளிதில் அமுங்காத திரவம். 200 பார் அழுத்தத்தில்கூட அது ஒரு சதவிகிதம் அளவுக்கே சுருங்கும். காற்றோ பஞ்சுபோல் அமுங்கிப் போகும். பம்பின் தண்டு மேலே வரும்போது தன் பலத்தையெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே செலவிட்டுவிடுகிறது. நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதில்லை. அந்த சிலிண்டர் அந்தச் சுற்றில் பட்டினி. குமிழிகள் தொடர்ந்து வந்தால் எல்லா சிலிண்டர்களும் பட்டினி.

பம்பின் நுண்ணிய தண்டுகளுக்கு டீசல்தான் உணவு, அதுதான் மசகெண்ணெயும். காற்றோடு கலந்து ஓடும்போது அவை வறட்சியாக உராய்கின்றன. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டிக்கொண்டே போனால், பழுதாகாத பம்பும் ஒருநாள் உண்மையிலேயே பழுதாகிவிடும்.

ஒழுகாத ஓட்டை

லாரியின் டீசல் பாதையில் இரண்டு பகுதிகள் உண்டு. டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பகுதி. ஃபீடு பம்பைத் தாண்டி, பில்டர்கள் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நாசில்களுக்கும் போவது அழுத்தப் பகுதி. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அழுத்தப் பகுதியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வரும். அந்த இடம் ஈரமாகும், ஈரத்தில் தூசி படியும், டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். உறிஞ்சும் பகுதியில் நிலைமை தலைகீழ். பம்ப் டீசலை இழுக்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்கில் உள்ள டீசலின் மேல் அழுந்தும் வெளிக்காற்றுதான் டீசலைப் பம்புக்குத் தள்ளிவிடுகிறது. வழியில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் வெளிக்காற்றுக்கு டேங்கைச் சுற்றி வர வேண்டிய அவசியமே இல்லை, நேராக அந்த இடுக்கில் நுழைந்துவிடும். டீசலைவிடக் காற்று நூறு மடங்குக்கும் மேல் இளகி ஓடக்கூடியது. டீசல் கசிய முடியாத இடுக்குகூட அதற்கு வாசல்தான்.

வண்டி நிற்கும்போதாவது அந்த இடத்தில் டீசல் ஒழுகாதா? பெரும்பாலான லாரிகளில் டேங்க் சேசிஸின் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கிறது. ஃபீடு பம்ப் அதைவிட உயரத்தில். என்ஜின் நின்றதும் ஓட்டை வழியே காற்று நுழைய, குழாயில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு வருவதில்லை. நேற்றிரவு நன்றாக ஓடிவந்து நின்ற வண்டி காலையில் கிளம்ப மறுப்பதன் ரகசியம் இதுதான்.

உயரமான மலைப் பகுதிகளில் பிரச்னை இன்னும் கூடும். மணாலி–லே சாலையில் 5,300 மீட்டருக்கும் மேல் உள்ள டாக்லாங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது, டீசலைத் தள்ளிவிடும் கை பாதி பலம் இழந்துவிடுகிறது. சமவெளியில் எப்படியோ சமாளித்த பாதி அடைத்த பில்டரும் லேசாகத் தளர்ந்த குழாயும் அங்கே போனதும் தங்கள் குணத்தைக் காட்டிவிடும்.

அடையாளமும் ஆள்மாறாட்டமும்

காற்று எடுக்கும் வண்டி சில அடையாளங்களைக் காட்டும். இரவு முழுவதும் நின்றபின் ஸ்டார்ட் ஆகத் தாமதம். ஐடிலிங்கில் என்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்குதல். காலி வண்டியாக ஓடும்போது தொல்லையில்லாமல், சுமையோடு மேடேறும்போது இழுவை போதல். டேங்க் நிறைந்திருந்தால் ஒழுங்காக ஓடி, டீசல் குறையக் குறையத் தகராறு செய்தல். கடைசி அடையாளம் முக்கியமானது. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் மேல்பகுதியில் வெடிப்பு இருந்தால், அந்த இடம் டீசலில் மூழ்கியிருக்கும் வரை காற்று நுழைய வழியில்லை. மட்டம் இறங்கி வெடிப்பு வெளியே வந்ததும் பம்ப் டீசலோடு காற்றையும் குடிக்கத் தொடங்கும்.

ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது புகைபோக்கியைப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. என்ஜின் பற்றாவிட்டாலும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை.

ஆனால் காற்றைப் போலவே வேடமிடும் வேறு கோளாறுகளும் உண்டு. அவற்றில் மிக எளியது டேங்க் மூடி. டீசல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் நுண்துளை இருக்கும். சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் வராமல் வண்டி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் வைத்தியம் அங்கேயே முடிந்தது. காற்று போகக் கூடாத இடத்தில் போவது ஒரு நோய், போக வேண்டிய இடத்தில் போகாதது இன்னொரு நோய்.

அடைத்த பில்டரும் இதே குணம் காட்டும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து பில்டரை அடைப்பதும் அப்படித்தான். லடாக் போன்ற பகுதிகளுக்காக, மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அறிமுகப்படுத்தியது இதற்காகத்தான். டேங்கின் அடியில் கிடக்கும் கந்தல் துணித் துண்டு உறிஞ்சுகுழாயின் வாயை மூடிக்கொள்வதும் உண்டு. வண்டி நின்றதும் துணி விலகும், ஓடியதும் வந்து ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் வரும்போது வண்டி ஒழுங்காக இருக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக

காற்றைத் தேடுவதற்குத் தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு மீட்டர் நிறமற்ற, டீசலைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு கிளிப், ஐந்து லிட்டர் கேன், ஸ்பானர், துடைக்கத் துணி. தேவைப்படுவது பொறுமையும் வரிசையும்தான்.

முதல் வேலை துடைப்பது. டேங்கிலிருந்து பம்ப் வரை எல்லா இணைப்புகளையும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அழுக்கு படிந்த இணைப்பைத் திறந்தால் அந்த அழுக்கு பம்புக்குள் போகும். துடைத்த பிறகுதான் புதிய ஈரமும் தெரியும். கையோடு கிளிப்புகளையும் போல்ட்டுகளையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடலாம். அண்மையில் யாராவது கை வைத்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. பில்டர் மாற்றிய மறுநாள் காற்று எடுத்தால் பில்டரின் ரப்பர் வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை வைத்து முடுக்குவது பட்டறைகளில் அடிக்கடி நிகழும் தவறு.

அடுத்தது கை பம்ப். ஃபீடு பம்பின் மேலுள்ள குமிழைத் திருகி விடுவித்து, பில்டரின் பிளீடிங் திருகைத் தளர்த்திவிட்டு, குமிழை மேலும் கீழும் அடிக்க வேண்டும். முதலில் நுரையோடு டீசல் வரும். கொஞ்ச நேரத்தில் நுரை நின்று டீசல் கெட்டியான தாரையாக வந்தால், குழாயில் தங்கியிருந்த காற்று வெளியேறிவிட்டது. திருகை மூடிவிட்டு அடித்தால் குமிழ் கையில் கனக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. முதல் பில்டர், இரண்டாவது பில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப் என்ற வரிசையில் பிளீட் செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால் பின்னால் உள்ள காற்று முன்னால் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிளீட் செய்ததும் வண்டி ஓடுகிறது, வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றியாயிற்று. அது நுழைந்த வாசல் திறந்தே இருக்கிறது. சில மணி நேரத்தில் அதே கதை.

வாசலைக் கண்டுபிடிக்கத்தான் நிறமற்ற குழாய். ஃபீடு பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் அதைச் செருகி என்ஜினை ஓட்டினால் உள்ளே நடப்பது கண்ணாடிபோல் தெரியும். தொடக்கத்தில் நாலைந்து குமிழிகள் போவது இயல்பு. மணிமாலைபோல் குமிழிகள் விடாமல் வந்தால் ஓட்டை அந்த இடத்துக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது. அங்கே குமிழி இல்லாமல் பில்டரில் மட்டும் நுரை வந்தால் ஃபீடு பம்பையே சந்தேகிக்க வேண்டும். கை பம்பின் தேய்ந்த சீல் வழியே காற்று நுழைவது அடிக்கடி நடப்பது. பயன்படுத்திய பின் குமிழைச் சரியாகத் திருகி மூடாமல் விட்டாலும் இதே விளைவுதான்.

அடுத்து வருவது கேன். லாரியின் டேங்கை மறந்துவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து ஒரு குழாயை நேரே ஃபீடு பம்புக்குக் கொடுக்க வேண்டும். குமிழிகள் நின்று என்ஜின் சீரானால் பம்ப் நிரபராதி. குற்றவாளி டேங்குக்கும் பம்புக்கும் இடையில். பிறகு கேனின் குழாயை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி, டேங்கை நோக்கி நகர்த்திச் சோதிக்கலாம். எந்தத் துண்டைச் சேர்த்ததும் குமிழிகள் திரும்ப வருகின்றனவோ அந்தத் துண்டில் ஓட்டை இருக்கிறது. தெருவில் மின்சாரம் நின்றால் லைன்மேன் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கும் அதே தர்க்கம்.

கண்டுபிடித்தபின் பழுது பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். டீசலில் ஊறி வெடித்த ரப்பர் ஹோஸ். சேசிஸில் உரசித் தேய்ந்த குழாய். தளர்ந்த கிளிப். போல்ட்டின் இருபுறமும் இருக்க வேண்டிய செம்பு வாஷரில் ஒன்று காணாமல் போயிருக்கும்; அல்லது பலமுறை இறுக்கப்பட்டுக் கடினமாகியிருக்கும். செம்பு அழுந்த அழுந்த விறைக்கும் உலோகம். விறைத்த வாஷர் இடுக்கை நிரப்பாது. புதியது கிடைக்காத இடத்தில் பழைய மெக்கானிக்குகள் வாஷரைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். செம்பு மறுபடி மென்மையாகிவிடும். உலோகவியல் பாடப்புத்தகத்திலும் உள்ள வைத்தியம்தான் அது.

ஆபத்தான குறுக்கு வழிகள்

எல்லாக் கைவைத்தியமும் அப்படி அல்ல. காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க டேங்குக்குள் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது ஒரு முறை. அழுத்தம் மிக மெல்லியதாக, சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ அளவுக்குள் இருந்தால் இது பயன்படும். ஆனால் அவசரத்தில் லாரியின் பிரேக் டேங்கிலிருந்தே காற்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8 கிலோ. டீசல் டேங்கின் ஒரு பக்கம் 60-க்கு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தகட்டின்மேல் விழும் பளு 19 டன்னுக்கும் மேல். எந்த டீசல் டேங்கும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஹோஸுக்குப் பதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை மாட்டுவது இன்னொன்று. டீசல்பட்டு அது சில நாட்களில் ஊதி இளகிவிடும். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றினால், அதன் நூலிழைகள் பிரிந்து பம்புக்குள் போகும். டேங்கின் பொத்தலில் சலவை சோப்பை அழுத்துவது அடுத்த ஊர் வரை தாங்கும், அடுத்த மாதம் வரை அல்ல. பிளீட் செய்யும்போது பீறிடும் டீசல் சூடான புகைக்குழாய்மேல் பட்டால் தீப்பற்றும். அந்த நேரத்தில் பீடி பற்றவைக்கும் கிளீனரை யாராவது தடுக்க வேண்டும்.

யார் தலையில் விடிகிறது?

இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி ஒன்று முதல் ஐந்து வண்டி வரை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையவை. பலருக்கு வண்டி இன்னும் பைனான்ஸில் இருக்கும். ஒருநாள் நின்றால் ஒருநாள் வாடகை போகும், தவணைத் தேதி நகராது. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் நின்ற நாளுக்குச் சம்பளமும் இல்லை.

ஊகத்தில் வேலை செய்யும் பட்டறையில் கணக்கு இப்படி ஏறுகிறது: முதலில் பில்டர். பிறகு ஃபீடு பம்ப். அதுவும் பலிக்காவிட்டால் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி காலிபரேஷன் கடைக்கு அனுப்புவது. அங்கே பம்பில் கோளாறு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கடைக்காரர்கள் உண்டு. பிரித்துத் தேய்ந்த பாகம் ஏதாவது ஒன்றைக் காட்டுபவர்களும் உண்டு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பம்பில் தேய்மானம் இல்லாமலா போகும்? மாட்டி ஓட்டினால், வழியில் இணைப்புகளைக் கழற்றி மாட்டியதில் தளர்ந்த வாஷர் தற்செயலாகச் சரியாகியிருக்கும். வண்டி ஓடும். பழி பம்பின் மேலேயே நிலைக்கும். சரியாகாவிட்டால் இழுவை போதவில்லை என்று பம்பின் சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டிவிடுவார்கள். நோய் அப்படியே இருக்க, கரும்புகையும் டீசல் செலவும் புதிதாகச் சேரும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. மேட்டில் என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இரும்பாகிவிடும். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். டேங்கில் மிச்சமுள்ள காற்றைக்கொண்டு சில தடவைதான் பிரேக் பிடிக்க முடியும். ஓரமாக ஒதுங்க வழியில்லாத இடத்தில், பின்விளக்கு மங்கிய லாரி இருட்டில் நிற்பது பின்னால் வருபவருக்கு எமன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன, 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பின்னாலிருந்து மோதியவை. அவற்றில் எத்தனை லாரிகள் எதனால் நின்றிருந்தன என்று கணக்கு சொல்வதில்லை. ஆனால் நடுச்சாலையில் நிற்காத லாரிமேல் இருட்டில் யாரும் மோத முடியாது.

கம்ப்யூட்டர் வந்த பிறகும்

புதிய லாரிகளில் இந்தத் தொல்லை ஒழிந்துவிட்டதா? பி.எஸ்.-4 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தன. அப்போதும் பழைய வகைப் பம்பைக் கைவிடாமல் விதியைச் சமாளித்தது அசோக் லேலண்ட். சாலையோர மெக்கானிக்குக்குப் பழகிய தொழில்நுட்பம் என்பது அதன் விற்பனைப் பலமாகவே இருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.-6 வந்தபோது அந்தக் காலம் முடிந்தது. இன்று விற்பனையாகும் கனரக டீசல் லாரிகள் 'காமன் ரெயில்' முறையில் இயங்குபவை. ஒரே குழாயில் 1,600 பார் அல்லது அதற்கு மேலும் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைத்து, எந்த சிலிண்டருக்கு எப்போது எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

ஆனால் டீசல் இன்னும் டேங்கிலிருந்துதான் வர வேண்டும். உறிஞ்சும் பகுதி அப்படியே இருக்கிறது. ரப்பர் ஹோஸின் இடத்தில் நைலான் குழாய், செம்பு வாஷரின் இடத்தில் ரப்பர் வளையம். வளையம் கிழிந்தால் பழையபடி காற்று நுழையும். மாறியிருப்பது ஒன்று: வண்டி இப்போது இருமுவதற்கு முன்பே எச்சரிக்கை விளக்கைப் போட்டு, சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினால் 'ரெயில் அழுத்தம் குறைவு' என்று காட்டும்.

அது நோயின் பெயர் அல்ல, காய்ச்சலின் அளவு. அழுத்தம் குறைந்ததைக் கம்ப்யூட்டர் அறியும். பம்ப் தேய்ந்ததாலா, இன்ஜெக்டர் கசிவதாலா, பில்டர் அடைத்ததாலா, காற்று நுழைந்ததாலா என்பது அந்த ஒரு குறிப்பில் இல்லை. அதைப் பார்த்ததும் உயர் அழுத்தப் பம்பை மாற்றச் சொன்னால் பில் முன்பைவிடப் பல மடங்கு எகிறும். அதற்கு முன் டேங்க் பக்கத்துக் குழாயில் ஒரு நிறமற்ற துண்டைச் செருகிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. இன்ஜெக்டரின் அடியில் உள்ள வாஷர் கெட்டு, சிலிண்டரின் வாயு திரும்பும் குழாயில் குமிழியாக வருவதும் உண்டு. அதையும் அதே நிறமற்ற குழாய் காட்டிவிடும்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் புதிய வண்டியில் மறந்துவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். காமன் ரெயிலில் அது உயிரோடு விளையாடுவது. 1,600 பாரில் ஊசிமுனையளவு தாரையாகப் பீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இராது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பழைய வண்டியிலும் நாசிலின் முன் கையை நீட்டக் கூடாது. புதிய வண்டியில் உயர் அழுத்தக் குழாயை என்ஜின் ஓடும்போது தொடவே கூடாது.

பெரும்பாலான சாலையோர மெக்கானிக்குகள் தொழிலைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல. பத்துப் பன்னிரண்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அவர்களில் கேட்கும் காதும் தொட்டுணரும் விரலும் உள்ளவர்கள் ஏராளம். காற்றைத் தேடும் கலையில் அந்தக் காதுக்கும் விரலுக்கும் வேலை குறைவு. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் ஒழுங்குக்குத்தான் வேலை. ஐ.டி.ஐ.-யில் டீசல் மெக்கானிக் பிரிவில் பயிலும் மாணவனுக்கு ஒரு பிற்பகலில் கற்றுத்தந்துவிடலாம். டிரைவருக்கும்தான்.

லாரி டிரைவரின் இருக்கைக்கடியில் ஜாக்கி இருக்கும், கயிறு இருக்கும், சமையல் ஸ்டவ்கூட இருக்கும். அவற்றோடு ஒரு மீட்டர் நிறமற்ற குழாய், அரை டஜன் செம்பு வாஷர், இரண்டு கிளிப், ஒரு சிறிய கேன் இருந்தால் போதும். வண்டி நின்றால் பம்பைக் கழற்றலாம் என்று யாராவது சொல்லும்போது, 'முதலில் குமிழி வருகிறதா, பார்ப்போம்' என்று டிரைவர் சொல்லலாம். மெக்கானிக் நல்லவராக இருந்தால் அவரும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.